காற்றில்லாத நாளில் கரையில் நின்ற படகுகள்

எங்கள் மகன் ராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோர ஊரில் வங்கி வேலையில் இருக்கிறான். அங்கே கோயில் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரத்துப் பாய்மரப் படகுகளெல்லாம் வந்து கூடும், போட்டியும் நடக்கும். அவன் அனுப்பிய வீடியோவை என் மனைவி சலிக்காமல் பார்த்தாள். அதில் யாரோ ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள்.

"ஏங்க, பாயை விரிக்கறப்ப சத்தம் வருமாங்க?" என்று கேட்டாள்.

கடலே இல்லாத இண்டூரில் தக்காளி போடுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? "நேர்ல போயிக் கேட்டுக்க" என்றேன்.

போன ஆவணியில் கூட்டிப்போனேன். கரை நெடுக மரப்படகுகள், முனையில் சந்தனமும் பூமாலையுமாக நின்றன. பாய்கள் மட்டும் சுருட்டியபடியே கிடந்தன. மத்தியானம் ஆகியும் ஒரு படகும் நகரவில்லை. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஒகேனக்கலில் தண்ணீர் இருந்தால் பரிசல் போகும், படகைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். படகடியில் உட்கார்ந்திருந்தவரிடம், "இவ்ளோ தண்ணி இருக்குதுங்களே, அப்புறம் என்னங்க?" என்றேன்.

"தண்ணி கெடக்கு. காத்து வரணும்ல" என்றார் அவர். "இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு வரும்."

சாயங்காலம் போட்டியை மறுநாளைக்குத் தள்ளிவைத்ததாக மைக்கில் சொன்னார்கள்.

"ஒரு நாள் இருந்துட்டுப் போலாங்க" என்றாள் அவள்.

"பழுத்தது செடியில நிக்குமா? வூட்டுக்குப் போனாத்தான் விடிஞ்சதும் பறிக்க முடியும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடல் மறையும்வரை கழுத்தைத் திருப்பியே வைத்திருந்தாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானாகவே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பறித்துப் பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால், எங்கு பார்த்தாலும் தக்காளி. என் பெட்டிகளை யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்து வரப்போரமாகக் கொட்டினேன். அவள் குனிந்து நல்ல பழமாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். இதற்காகவா ஓடி வந்தோம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அன்றைக்கு அந்தப் பழத்தில்தான் குழம்பு வைத்தாள். நன்றாகவே இருந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

மார்கழியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இந்த ஆவணியிலும் தோட்டத்தில் பழம் நின்றது. அப்படியே விட்டுவிட்டுப் போனேன். முதல் நாள் காற்று இல்லை. இருந்தேன். இரண்டாம் நாளும் இல்லை. மகன், "அப்பா, வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லிப் பார்த்தான். என்னிடம் இவ்வளவு பொறுமை இருந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் காற்று வந்தது. கரையே எழுந்து நின்றது. ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. சத்தம் வந்தது. ஈரப் புடவையை உதறுகிற மாதிரி படபடவென்று கரை முழுக்கக் கேட்டது. காற்று நிறைந்ததும் அடங்கிவிட்டது.

நான் இடது பக்கம் திரும்பி, "வருது புள்ள, சத்தம் வருது" என்றேன்.

மகன் வலது பக்கம் நின்றிருந்தான்.