முடுக்கு வாசல்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. பத்துப் பெயர்கள், பத்து டெலிபோன் எண்கள். நீல மையில், எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கிற கையெழுத்து. அவற்றில் ஆறு பெயர்களின் குறுக்கே சிவப்பு மையில் கோடு. நீலம் தலையாரியுடையது, சிவப்பு என்னுடையது. மனுவோடு வருகிறவர்கள் அந்த இடத்தில் சாமி படத்தை எதிர்பார்த்துக் குனிவார்கள். இதைப் பார்த்ததும் முகம் மாறும். யாரையோ ஒழித்துக்கட்டப் போட்ட பட்டியல் என்று நினைக்கிறார்களோ என்னவோ. நினைத்துவிட்டுப் போகட்டும்.

அலுவலகத்தில் எனக்கு 'சந்தேகப் பிராணி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்கள் நினைப்பு. எனக்குக் காது நன்றாகவே கேட்கும். பால்காரர் ஊற்றிய பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பேன். மேலே இருந்து வரும் உத்தரவில் தேதியைப் பார்ப்பேன், கீழே இருந்து வரும் அறிக்கையில் எழுதியவன் அந்த இடத்துக்குப் போனானா என்று பார்ப்பேன். எங்கள் வேலைக்கு அது தேவைதான். தூத்துக்குடி துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள கடலோரத் தாலுகாவில் துணைத் தாசில்தாராக நான் சேர்ந்தபோது, பேரிடர் மேலாண்மைத் திட்டம் என்ற தடித்த கோப்பை என் தலையில் கட்டினார்கள். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. வெள்ளம் வந்தால் மக்களை எந்த மண்டபத்தில் தங்கவைப்பது, படகு யாரிடம் இருக்கிறது, மண் அள்ளும் எந்திரம் யாரிடம், ஒவ்வொரு தெருவிலும் முதலில் ஓடிவந்து உதவுகிறவர்கள் யார் யார், எல்லாம் அதில் இருக்கும்.

நான் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போன் செய்து பார்த்தேன். எந்திரக்காரர் எந்திரத்தை விற்றுவிட்டு மளிகைக் கடை வைத்திருந்தார். தங்கவைக்க வேண்டிய மண்டபத்தை இடித்து எத்தனையோ காலமாகியிருந்தது. ஒரு எண்ணில் பேசிய பெண், "அவர் மௌத்தாகி நாலு வருசமாச்சே" என்றார். இறந்துபோனவரை நம்பி ஒரு தெருவே கோப்பில் பத்திரமாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கூடவே, உண்மையைச் சொன்னால், என் சந்தேகம் பலித்ததில் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது.

அந்த நிலையில்தான் தலையாரி இந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தலையாரி என்றால் கிராம நிர்வாக அலுவலருக்கு உதவியாளர். எந்த வீட்டில் எந்த மாடு கன்று போட்டது என்பது வரை தெரிந்த ஆள். அவர் கிராமம் ஆண்களில் பாதிப்பேர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிற ஊர். அவர் எழுதியிருந்த பத்துப் பேரில் ஆறு பேரின் எண்கள் வெளிநாட்டு எண்கள். டீக்கடையில் உட்கார்ந்து கைக்கு வந்ததை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

"வெள்ளம் வந்தா இவங்க அங்கேயிருந்து நீந்தி வருவாங்களா?" என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"வர மாட்டாக மேடம். ஆனா தண்ணி ஏறுனா அந்தத் தெருப் பொம்பளைக நமக்கா போன் போடுவாக? வீட்டுக்காரருக்குத்தான் போடுவாக. எந்த வீட்டுல யாரு எங்கன படுத்துக் கெடக்கான்னு அவருக்குத்தான் தெரியும்."

சமாளிக்கிறார் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஆறு பெயரையும் அடித்தேன். அடிபட்ட மூன்றாவது பெயருக்குப் பக்கத்தில் 'முடுக்கு வாசல்' என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது; கோடு அதன் மேலும் ஓடியது. அந்த ஊரில் வீடுகளுக்குப் பின்னால் இரண்டு வரிசைக்கும் நடுவே ஒடுக்கமாக ஓடுகிற சந்துக்கு முடுக்கு என்று பெயர். பெண்கள் வீடு விட்டு வீடு போக அதைத்தான் பயன்படுத்துவார்கள். ஆண்கள் அதில் நடப்பதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்து, ஊரில் இருக்கிற ஆட்களாகப் பார்த்து எழுதிவரச் சொன்னேன். மறுநாள் எழுதிவந்தார். அது கோப்பில் ஏறியது.

அந்த மார்கழியில் குளங்கள் உடைந்து தண்ணீர் கடலுக்குப் போகிற வழியில் ஊருக்குள் புகுந்தது. விடிவதற்கு முன்பே செல்போன் கோபுரங்கள் ஓய்ந்துவிட்டன. தாலுகா அலுவலகத்தின் பழைய தரைவழி போன் மட்டும் உயிரோடு இருந்தது. அதில் வந்ததெல்லாம் வெளிநாட்டு அழைப்பு. மூன்று நாடுகளிலிருந்து மூன்று சகோதரர்கள் ஒரே வீட்டைச் சொன்னார்கள். நாங்கள் மூன்று வீடு என்று எழுதி, இருந்த ஒரே படகை அலைக்கழித்தோம். அதன் பிறகு எந்த அழைப்பையும் முழுதாக நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

காலை எட்டு மணி வாக்கில் ஒருவர் பேசினார். மனைவியும் மாமியாரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள், மாமியாருக்கு நடக்க முடியாது, தண்ணீர் கட்டில் சட்டத்துக்கு வந்துவிட்டது, கடைசியாகப் பேசும்போது மனைவி சொன்னாள் என்றார். தெருவையும் வீட்டையும் சொன்னார். படகை அனுப்பினேன். போனவர்கள் திரும்பி வந்து வீடு வெளியே பூட்டியிருக்கிறது, தட்டினோம், பதில் இல்லை என்றார்கள். 'நேரில் சரிபார்க்கப்பட்டது, ஆள் இல்லை' என்று பதிவேட்டில் எழுதினேன். அவர் மறுபடியும் பேசினார்.

"பூட்டிருந்தாலும் உள்ளதான் இருக்காங்க மேடம். முன்வாசல் எப்பவும் பூட்டித்தான் இருக்கும்."

"எங்க ஆளுங்க கண்ணால பார்த்துட்டு வந்திருக்காங்க. நீங்க அங்கே உட்கார்ந்துகிட்டு சொல்றதை நான் எப்படி நம்புறது?" என்றேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். லைன் அறுந்தது.

விடிந்ததிலிருந்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த தலையாரி, பதினோரு மணிக்கு இடுப்பு வரை சேறோடு விவரம் சொல்ல வந்தார். பதிவேட்டில் அந்த வரியில் விரலை வைத்தார்.

"எந்தப் பக்கமா போயி பார்த்தாக?"

"தெருப் பக்கம்தான்."

"மாப்பிள்ளை ஊர்ல இல்லாத வீடு மேடம். முன்னால பூட்டிட்டு முடுக்கு வழியாத்தான் பொழங்குவாக."

அதற்கு மேல் அவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. முடுக்குக்குள் படகு நுழையாது. நடக்க முடியாதவரை உட்காரவைத்து மிதத்திக்கொண்டுவர, கல்யாண மண்டபத்திலிருந்து சோறு பொங்குகிற அண்டாவை எடுத்துக்கொண்டு, இரண்டு மீனவர்களோடு நெஞ்சளவுத் தண்ணீரில் போனார். மகள் இரண்டு டிரங்குப் பெட்டிகளின் மேல் தாயைத் தூக்கி உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் தோளைக் கொடுத்தபடி நின்றிருக்கிறாள். இருவரும் உயிரோடு வந்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தாய் இறந்துபோனார். குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர்.

நான் பார்க்கப் போயிருந்தேன். மகள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "படகுச் சத்தம் கேட்டுச்சு. கத்தினேன், மழையில கேக்கல போல. பொறவு சத்தம் திரும்பிப் போறதும் கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னாள். அந்த மூன்று மணி நேரத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் ஆய்வுக் கூட்டம் நடந்தது. அந்த வீட்டு விவரம் தெரிந்த ஒருவர்கூடவா பட்டியலில் இல்லை என்று பெரிய அதிகாரி கேட்டார். நான் எழுந்து, "பட்டியல் கிராமத்திலிருந்து வந்தது சார்" என்றேன். சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அப்படிப் பேச எனக்கு நன்றாக வரும். பின்சுவரோரம் நின்ற தலையாரியைப் பார்த்தேன். சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே நான் கோடு போட்ட தாள். சிவப்பு மை வெளியே தெரிந்தது.

"ஆமா சார், நான் குடுத்ததுதான்" என்றார் அவர். பையில் கை போகவில்லை.

அவருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த உத்தரவை அவரிடம் சேர்ப்பித்துக் கையெழுத்து வாங்கியதும் நான்தான்.

அதன் பிறகு அவர் வேலையில் இருந்த காலம் முழுவதும் அவரைக் கண்காணித்தேன். தகவல் கேட்டு ஏதாவது மனு வந்தால் கையெழுத்து யாருடையது என்று பார்ப்பேன். பத்திரிகைக்காரர் ஒருவரோடு அவர் டீக்கடையில் நின்றார் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவர் லீவு கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன். மேடம் இளகிவிட்டார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். இளக்கமாவது, மண்ணாவது. பயம். சும்மா இருக்கிற மனிதன் எதற்காகவோ காத்திருக்கிறான் என்றுதான் என் புத்திக்குத் தோன்றியது.

ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் மாலையோடு என் அறைக்கு வந்தார். உறையை மேசையில் வைத்தார். இத்தனை நாள் ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டியிருந்தா உங்களைத் தூக்கி வேற ஊருக்கு அடிச்சிருப்பாக. அடுத்து வாரவுகளும் ஒரு செவப்புப் பேனாவோடதான் வருவாக. நீங்கன்னா இனிமே அடிக்க மாட்டீக."

என்னைக் காப்பாற்றியதாக நான் நினைத்திருந்தால் அந்த நினைப்பும் அன்றோடு போயிற்று. அவர் காப்பாற்றியது பட்டியலை. என் குற்ற உணர்ச்சியை அதற்குக் காவல் வைத்துவிட்டுப் போனார். அவரும் என்னைப் போலத்தான், யாரையும் நம்பவில்லை. ஆனால் அவர் சந்தேகப்பட்டது எங்களை.

இப்போது திட்டம் கணினியில் ஏறுகிறது. எண்ணுக்குப் பத்துக் கட்டம்தான்; வெளிநாட்டு எண் உள்ளே போகாது. அதனால்தான் தாள் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, எழுதிவைத்த நகல் ஒன்று கோப்பிலும் இருக்கிறது. ஆண்டுதோறும் மழைக்கு முன் பத்து எண்ணுக்கும் நானே பேசுவேன். இந்த ஆண்டும் போன வாரம் பேசினேன். மூன்றாவது எண், அன்று பாதியில் லைன் அறுந்துபோனவருடையது, எப்போதும் முதல் மணியிலேயே எடுக்கப்படும். நலமா என்று அவர் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

"வாசல் முடுக்குப் பக்கம் மேடம். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருப்பதை, ஒவ்வொரு எழுத்தாக, அவருக்கு வாசித்துக் காட்டினேன்.