படகின் அடியில் ஒரு கை

அந்தப் பெயிண்டர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. காதில் பீடி, புருவமெல்லாம் பெயிண்ட். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் சரி என்று தலையாட்டிவிடுகிற மனிதர்.

மீன்பிடித் தடைக்காலத்தில் தூத்துக்குடியில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள். கோடை விடுமுறை என்று நான்கு வயது மகளோடு வேடிக்கை பார்க்கப் போனேன். அவள் ஆசையாகக் கேட்டதும், நான் தடுப்பதற்குள் அந்தப் பெயிண்டர் அவள் கையைச் சிவப்புப் பெயிண்டில் முக்கி, படகின் அடிப்பக்கத்தில் பதிய வைத்துவிட்டார்.

"பிள்ளைக்குக் கை எரியாதா?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் செய்யாதுக்கா" என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டார். "பாப்பா, இந்தப் போட்டு எங்க போனாலும் ஒன் கையும் கூடவே போவும்."

அந்த வருடம் முழுக்க, "என் கை இப்ப எங்கம்மா போயிருக்கும்?" என்று கேட்டபடிதான் சோறு தின்றாள். நானும் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன்.

அடுத்த மே மாதம் ஓடிப்போய்ப் பார்த்தோம். அதே ஆள், அதே படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கை பதிந்த இடத்தில் வெறும் மரம் தெரிந்தது.

"எந்தக் கை?" என்றார். எங்களை நினைவே இல்லை. "வருசா வருசம் பாசியச் சுரண்டிட்டுத்தானக்கா அடிக்கோம்."

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன அண்ணாச்சி?" என்று சண்டைக்கு நின்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகள் பக்கத்திலிருந்த பெயிண்ட் வாளிக்குள் கையை முக்கிவிட்டிருந்தாள். அவளுக்கு இடம்விட்டு அவர் நகர்ந்து நின்றார். நான் மட்டும் கத்திக்கொண்டே இருந்தேன்.