தட்டம்மா பார்த்துத் தந்த அறை

கட்டிலின் நட்டநடுவே மல்லாந்து படுத்து, கைப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கிடக்கிறார் தட்டம்மா. ஆறாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே ஊரே விரிந்து கிடக்கிறது. அதை அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டும் டையும் அணிந்த ஹோட்டல் அதிகாரி, உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல், வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எட்டாவது நிமிடத்தில் தட்டம்மா கண்ணைத் திறக்கிறார்.

“அந்தக் குட்டி ஃப்ரிட்ஜ் இருக்கே, மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ தொண்டையக் கனைக்குது. உங்களுக்குக் கேக்கலையா?”

அதிகாரிக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். ஃப்ரிட்ஜ் கனைத்தது.

எங்கள் பயண அலுவலகத்தில், வாடிக்கையாளர்களுக்கு ஹோட்டல் அறை பார்த்துக் கொடுப்பது தட்டம்மாவின் வேலை. பக்கத்து மேஜையில் ரயில் டிக்கெட் போடுவதும், அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாகச் சுற்றுவதும் என் வேலை. எனக்கு நாற்பத்தெட்டு வயது, தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் அவருக்கு நான் ‘தம்பி’தான். கம்ப்யூட்டரில் வருகிற படங்களை அவர் நம்புவதே இல்லை. “படத்துல எல்லா ரூமும் குளிச்சு பவுடர் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கும், தம்பி. நேர்ல போனாத்தான் மூஞ்சி தெரியும்” என்பார்.

நேரில் போனால் முதல் வேலை, கட்டிலின் தலைமாட்டுச் சுவரை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டுவது. கெட்டிச் சுவரா, பக்கத்து அறைக்காரர் தும்மினால் நாம் முகம் துடைத்துக்கொள்ள வேண்டிய சுவரா என்பது அதில் தெரிந்துவிடுமாம். இப்படித்தான் ‘தட்டுற அம்மா’ தட்டம்மா ஆனார். ஒரு ஹோட்டலில் வரவேற்பில் இருந்த பெண் புது மேனேஜருக்கு போன் செய்து, “சார், தட்டம்மா வந்திருக்கு” என்றாளாம். அவர் காதில் அது ‘தட்டம்மை’ என்று விழ, பதறிப்போய், “எந்த மாடியில? யாருக்கு? உடனே அந்த மாடியப் பூட்டு!” என்று கத்தினாராம். இதைத் தட்டம்மாவே நடித்துக் காட்டிச் சிரிப்பார். சிரிக்கும்போது மேஜையில் இருக்கிற காபி ஆறிப்போகும். ஆறிய பிறகுதான் குடிப்பார். சூடாகக் குடித்தால் ருசி தெரியாதாம், சூடுதான் தெரியுமாம்.

சுவருக்குப் பிறகு திரைச்சீலை. இரண்டு துணியும் சேர்கிற இடத்தில் வெளிச்சம் கோடு போடுகிறதா என்று பார்ப்பார். அலமாரிக்குள் தலையை விட்டு முகர்வார். குழாயைத் திறந்துவிட்டு, வெந்நீர் வரும்வரை விரல் விட்டு எண்ணுவார். படுத்த வாக்கில் கையை நீட்டிப் பார்ப்பார்: “படுத்த கைக்கு சுவிட்ச் எட்டலைன்னா, அது என்னங்க அஞ்சு நட்சத்திரம்?” குளியலறைப் பளிங்கை யாராவது பெருமையாகக் காட்டினால், அதன் மேல் ஈரக்காலை வைத்து வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

இத்தனைக்கும் மேல், கடைசி வார்த்தை ஹோட்டல்காரருடையது அல்ல. தாழ்வாரத்தில் துணி வண்டி தள்ளிக்கொண்டு வரும் பெண்களிடம் போய் நிற்பார். “எந்த ரூம் ஆளுங்க மறுநாளே வேற ரூம் கேக்குறாங்க, சொல்லும்மா” என்பார். அவர்கள் சொல்லிவிடுவார்கள். படுக்கை விரிப்பை மாற்றுகிறவர்களுக்குத் தெரியாதது எந்த ஹோட்டலிலும் இல்லை.

இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் அவர். தூங்க முடியாதவர்கள் எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். தண்ணீர் சொட்டுகிறது, தலையணை உயரம், மேல் மாடியில் யாரோ நாற்காலி இழுக்கிறார்கள். “காசு கொடுத்துட்டு முழிச்சுக்கிட்டு இருக்கிறவங்க குரலு எனக்கு நல்லாத் தெரியும், தம்பி.” வீட்டில் அவருடைய கணவர் குறட்டை விடுவதில் மன்னன். அதைப் பற்றிக் கேட்டால் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொல்வார்: “அது நான் பாத்த ரூம் இல்லீங்க. வீட்டுல பெரியவங்க பாத்து வச்சது.”

சென்ற மாதம் ஒருவரும் அவருடைய தங்கையும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய அம்மா பக்கவாதம் வந்து ஏழு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். மூத்த மகனுக்குக் கப்பலில் வேலை; வருடத்தில் பத்து மாதம் கடலில். அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவருடைய மனைவி, இவர்களுடைய அண்ணி. படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவும் பகலும். இப்போது மூன்று நாள் அந்த வேலையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, அண்ணியை நல்ல ஹோட்டலில் தங்கவைக்க இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள்.

“ஊர்லயே பெருசாப் போடுங்க” என்றார் வந்தவர், அந்த அண்ணியின் கொழுந்தன். ஹோட்டலைக்கூட அவரே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். முப்பது மாடிக் கண்ணாடிக் கட்டிடம். உச்சியில் நீச்சல் குளம். காலைச் சாப்பாட்டுக்கு எண்பது வகை. அறை வாசலில் மணியை அமுக்கினால் சங்கீதம் வரும்.

“போறவங்க எங்க?” என்றார் தட்டம்மா.

“வீட்டுல. அவங்களுக்குத் தெரியாது. சர்ப்ரைஸ்.”

“அவங்களப் பாக்காம நான் ரூம் பாக்க மாட்டேன் சார். கால் தெரியாம செருப்பு வாங்குன மாதிரி ஆயிடும்.”

முதலாளி தன் அறையிலிருந்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை.

மறுநாள் தங்கை அண்ணியை அழைத்து வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று தட்டம்மா கேட்டதற்கு, “ஒண்ணும் வேணாங்க. யாரும் கூப்பிடாம இருந்தாப் போதும்” என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்பதுபோல நாத்தனாரைப் பார்த்தார். கால் மணி நேரம் பேசினார்கள். அவர்கள் போனதும் தட்டம்மா என் பக்கம் திரும்பினார்.

“கவனிச்சீங்களா? நாலு தடவ எந்திரிச்சாங்க.”

நான் கவனிக்கவில்லை. எங்கள் வாசல் கதவில் ஒரு சிறு மணி கட்டியிருக்கிறது. யார் வந்தாலும் கிணுங்கும். அது கிணுங்கிய நாலு தடவையும் அந்த அம்மாள் பாதி எழுந்து, பிறகு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். மாமியார் கைக்குப் பக்கத்திலும் வீட்டில் ஒரு மணி இருக்கிறதாம்.

நாலு நாள் அலைந்தோம். கண்ணாடிக் கட்டிடத்தில் படுத்துப் பார்த்தார். பத்து நிமிடத்தில் லிஃப்ட் பதினாலு முறை ‘டிங்’ என்றது. வாசல் மணியின் சங்கீதத்தைக் கேட்டு, பல் வலி வந்தவர்போல முகத்தைச் சுளித்தார். வேறு மூன்று ஹோட்டல்கள் சுவரிலேயே தோற்றன. கடைசியில், நகரத்தின் நடுவிலேயே, பூங்காவுக்குப் பின்னால் ஒரு பழைய மஞ்சள் கட்டிடம். மூன்றே மாடி. வாடகை கண்ணாடிக் கட்டிடத்துக்குக் குறைவில்லை. கனமான மரக்கதவுகள், கால் புதையும் கம்பளம், மூன்றாம் மாடிப் பின்பக்கத்தில் லிஃப்டுக்கு எட்டாத ஓர் அறை. துணி வண்டிப் பெண்ணைக் கேட்டோம். “அந்த ரூம் ஆளுங்க காலைச் சாப்பாட்டுக்கே இறங்கி வர மாட்டாங்க, தூங்கிடுவாங்க” என்றாள்.

அங்கேயும் ஒரு வாசல் மணி இருந்தது. கட்டிலருகே ஒரு போன். “பாத்ரூம்லயும் ஒண்ணு வச்சிருக்கோம் மேடம்” என்றார் மேனேஜர் பெருமையாக.

“மொதல்ல அத எடுங்க. அப்புறம் இத எடுங்க. மணியையும் கழட்டிடுங்க.”

“மணி இல்லாம எப்படி மேடம்? நாங்க அஞ்சு நட்சத்திரம்.”

“வானத்துல அத்தனை இருக்கு. ஒண்ணாவது சத்தம் போடுதா சார்?”

மேனேஜர் சிரித்துவிட்டார். எலெக்ட்ரீஷியனுக்கு ஆள் போயிற்று.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்த கொழுந்தன் சிரிக்கவில்லை. “நீச்சல் குளமே இல்லையே! மூணு மாடிதானா? போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினா என்ன நெனைப்பாரு?”

“தூங்குறவங்கள யாருங்க போட்டோ எடுக்கப் போறாங்க?” என்றார் தட்டம்மா.

முதலாளி வெளியே வந்தார். “அவங்களுக்குப் பிடிக்கலைன்னா, இந்தத் தட்டிப் பாக்குறது, படுத்துப் பாக்குறது எல்லாம் இதோட நிப்பாட்டிடணும். எல்லாரையும் போல கம்ப்யூட்டர்ல பாத்து ரூம் போட்டாப் போதும். சம்மதமா?”

“சம்மதம்” என்றார் தட்டம்மா. குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காபி ஆறுவதற்கு முன்பே குடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நண்பகல் அண்ணி அறைக்குள் போனார். தட்டம்மா சொன்னபடி செல்போனையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மூன்று மணிக்கு ஹோட்டலிலிருந்து போன்: உங்கள் விருந்தாளி பையோடு கீழே வந்து உட்கார்ந்திருக்கிறார், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்.

நாங்கள் போனபோது அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் இருந்தார்.

“ரூம் ரொம்ப நல்லாருக்குங்க. குறையே சொல்ல முடியாது. எனக்குத்தான் முடியல. கண்ண மூடினா, ஐயோ நேரமாச்சேன்னு தூக்கிவாரிப் போடுது. புரட்டினாங்களோ இல்லையோ. எங்க அத்தைக்கு வலிச்சாலும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது.”

தட்டம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“தப்பு என்னோடதுங்க. சுவரப் பாத்தேன், கதவப் பாத்தேன். போன விட்டுட்டு வாங்கன்னு பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன். உங்க மனசு எங்க இருக்கும்னு யோசிக்கல.”

எத்தனையோ வருடமாக அவரை எனக்குத் தெரியும். கட்டிடம் கட்டியவரைத் திட்டிக் கேட்டிருக்கிறேன், குழாய் போட்டவரைத் திட்டிக் கேட்டிருக்கிறேன். தன் தப்பு என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

“வண்டி வெளியதான் நிக்குது. இப்பவே வேணும்னாலும் வீட்டுல விட்டுடறோம்” என்றார். “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவங்களப் புரட்டியாச்சுன்னு தெரிஞ்சாப் போதுமா, இல்ல நீங்களேதான் புரட்டணுமா?”

அண்ணி நிமிர்ந்து தட்டம்மாவைப் பார்த்தார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“தெரிஞ்சாப் போதுங்க” என்றார்.

தட்டம்மா எழுந்து வரவேற்பு மேஜைக்குப் போனார். வீட்டுக்கு போன் போட்டு, ஒவ்வொரு தடவை அம்மாவைப் புரட்டியதும் ஹோட்டலுக்குச் சொல்லச் சொன்னார். ஹோட்டலில் அதை ஒரு சீட்டில் எழுதி, மூன்றாம் மாடிக்குப் போய், அந்த அறைக் கதவின் அடியில் தள்ளிவிட வேண்டும். தட்டக் கூடாது. கூப்பிடக் கூடாது.

“டிவியில மெசேஜ் போட்டுடலாம் மேடம், சுலபம்” என்றார் மேனேஜர்.

“வேணாம் சார். டிவின்னா கண்ணு முன்னால நிக்கும். காகிதம்னா, எந்திரிச்சு வந்து பாக்கலாம். பாக்காமலும் இருக்கலாம்.”

நாலு மணிக்கு முதல் சீட்டு வந்தது. நாங்கள் கீழே இருந்ததால் அதை மட்டும் அண்ணியின் கையிலேயே கொடுத்தார்கள். கொழுந்தன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள்: ‘நாலு மணி. இடது பக்கம் புரட்டியாச்சு. சூப் அரைக் கிண்ணம். அம்மா உங்களைத் தேடவே இல்ல.’

அண்ணி படித்தார். வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். “கடைசி வரி பொய்” என்றார். பையை எடுத்துக்கொண்டு படியேறினார்.

துணி வண்டிப் பெண் மூலம் எங்களுக்குத் தகவல் வந்துகொண்டிருந்தது. வெள்ளி இரவு வந்த சீட்டுகள் எல்லாம் உடனுக்குடன் உள்ளே இழுக்கப்பட்டன. சனிக்கிழமை காலையில் ஒன்று கொஞ்ச நேரம் கிடந்து பிறகு போயிற்று. மாலைக்கு மேல் எந்தச் சீட்டும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை. தட்டம்மா பத்து மணிக்கே என்னைக் கூப்பிட்டுவிட்டார். பன்னிரண்டுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்; நாங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம். கொழுந்தனிடமிருந்து போன் வந்தது. எதிரில் இருந்த எனக்கே கேட்கும்படி பேசினார்.

“அண்ணி எப்ப வருவாங்க?”

“எந்திரிச்சதும் வருவாங்க சார்.”

கொழுந்தனின் குரல் இறங்கியது. “ஏழு வருஷம் எப்படிங்க செஞ்சாங்க? எனக்கு மூணாவது நாளே இடுப்பு விட்டுப்போச்சு.” பிறகு, “எழுப்பிடாதீங்க. ரெண்டு மணிக்கும் நானே புரட்டிக்கறேன். உங்க முதலாளிகிட்டயும் நானே பேசிக்கறேன்.” பேசியிருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் பார்த்து அறை போடும் பேச்சை முதலாளி அதன் பிறகு எடுக்கவில்லை.

மணி பன்னிரண்டரை. “மேல ஆள் அனுப்பட்டுமா மேடம்?” என்றார் மேனேஜர். அவரும் நல்லவர்தான், ஆனால் நாலு மணிக்கு அடுத்த விருந்தாளி வர இருந்தார்.

“வாங்க சார், பாத்துட்டு முடிவு பண்ணுவோம்.”

மூன்று பேரும் மாடிக்குப் போனோம். அறைக் கதவின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஒன்பது சீட்டுகளின் ஓரங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மேனேஜர் அவற்றைப் பார்த்தார். தட்டம்மாவைப் பார்த்தார். கதவிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

அப்போது தாழ்வாரத்தின் கோடியிலிருந்து துணி வண்டி திரும்பியது. கழுவிய விரிப்புகளும் துவாலைகளும் மேலே குவிந்திருந்தன. ஒரு சக்கரம் கம்பளத்தின் மேலேயே கீச்சிட்டது. தட்டம்மா உதட்டில் விரலை வைத்தபடி எதிரே ஓடினார். வண்டியை நிறுத்தி, குனிந்து, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அசையவில்லை. அந்தப் பெண் மறுமுனைக்கு வந்தாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன். மேனேஜர் கோட்டைக் கழற்றித் துவாலைகளின் மேல் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் பிடித்தார். நாலு பேருமாக வண்டியைத் தரையிலிருந்து தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து, அந்தக் கதவைத் தாண்டிக் கொண்டுபோய் மெதுவாக இறக்கினோம்.