பிளக்கைத் திருப்பிப் போட்ட ஃபைனல்

அக்காவின் கோப்பைக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அவளுடைய கையெழுத்து: "கேரம் ஃபைனல், காசிமேடு. ஆடி கடைசி ஞாயிறு. ஜெயிச்சேன்." வருடம் போடவில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அதை வைத்துக் கணக்கிட்டு, கீழே பென்சிலால் வருடத்தைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் தெரு கிளப்பில் கேரம் போர்டுக்கு மேலே தாழத் தொங்கிய குண்டு பல்பு, சித்தப்பாவின் கைவேலை. வயரின் நடுவே ஒரு மரக்கட்டையில் ஃபியூஸ். முனையில் இரண்டு முள் பிளக்; எந்தப் பக்கமாகவும் செருகலாம். இதிலிருந்துதான் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டானது. தோற்கிறவர் கேட்டால் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருக வேண்டும். ராசி மாறுமாம்.

ஃபைனலில் அக்காவை எதிர்த்தவள் திருவொற்றியூர்க்காரி. முதல் ஆட்டத்தில் அக்கா தோற்றாள். சித்தப்பாவைப் பார்த்து முறைத்தாள். அவர் பிளக்கைத் திருப்பினார். இரண்டாவது ஆட்டத்தை அக்கா வாரிச் சுருட்டியபோது கிளப்பே விசிலடித்தது. மூன்றாவதில் சிவப்புக் காயான ரெட்டையும் போட்டுவிட்டாள். கூடவே போட வேண்டிய வெள்ளை ஒன்றுதான் பாக்கி. விழுந்தால் கோப்பை. வெளியே மழை. கூரை ஒழுகி நனைந்த தரையில் வெறுங்காலோடு, மூச்சுவிடாமல் நின்றோம்.

அக்கா சுண்டினாள். அதே நொடியில் பல்பு 'டப்'பென்று போனது. கும்மிருட்டு.

"ஃபியூஸு பூட்ச்சுபா. இனிமே கரண்டு இல்ல, அப்டியே நில்லுங்க," என்றார் சித்தப்பா. துண்டைச் சுற்றிப் பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் கம்பி வளைந்து ஒட்டியதால்தான் ஃபியூஸ் போனது என்று, அதை நிமிர்த்த விரலை விட்டார். ஓர் அலறல். அவர் முழங்கை போர்டில் மோதியது. காய்கள் கலகலத்தன.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், வெள்ளை குழிக்குள் கிடந்தது.

"கப்ப ஒன் சித்தப்பா கை முட்டிக்குக் குடு, அதான் நல்லா ஆடிச்சு," என்றாள் திருவொற்றியூர்க்காரி.

"இருட்டுல ஒனக்கு இன்னா தெரிஞ்சுது?" என்று அக்கா பாய்ந்தாள். காய் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது என்று நடுவர் சாதித்தார். அக்கா ஜெயித்தாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

முதலில் செருகியிருந்தபடி ஃபியூஸ் கரண்ட் வரும் கம்பியில் இருந்தது. திருப்பியதும் அது திரும்பிப் போகும் கம்பிக்கு மாறிவிட்டது. அப்படி மாறினால், ஃபியூஸ் எரிந்து விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் கரண்ட் காத்திருக்கும். இதெல்லாம் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது. அன்று அத்தனை செல்போனும் குழியைத்தான் பார்த்தன. ஈரத்தரையில் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் முகத்தில் ஒன்றுகூடப் படவில்லை.

காய் முதலில் விழுந்ததா, முழங்கை முதலில் மோதியதா என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.