மலை உச்சியில் திருநீறு வாங்காதவர்

2009 இலையுதிர் காலத்தில் எங்கள் கோயில் ஆட்கள் ஒரு பஸ் பிடித்து, கனடாவில் மொன்றியலுக்கு வடக்கே ஒரு பிரெஞ்சு மலைக் கிராமத்தைப் பார்க்கப் போனோம். என் பக்கத்துச் சீட்டில் ஒரு இளைஞர் இருந்தார். ஒட்டிய கன்னம், நாலு நாள் தாடி. கைத்தொலைபேசியை எடுத்துப் பார்ப்பார், திரும்பச் சட்டைப்பைக்குள் வைப்பார். அதுவே அவருக்கு வேலையாக இருந்தது.

கேபிள் காரில் உச்சிக்கு ஏறினோம். மலையென்றால் முருகன் இருக்கும் இடம்தானே. நான் ஒரு திருப்புகழ் பாடி எல்லோருக்கும் திருநீறு நீட்டினேன். அவர் மட்டும் பின்னால் விலகினார்.

"ஏன் தம்பி, சேர்ச்சுக்குப் போற வேதக்காரரோ?" என்று பகிடியாகக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள்.

"இல்லை அண்ணை, துடக்கு. அம்மா வன்னியில சண்டைக்குள்ள செத்துப்போனா எண்டு சனம் சொல்லுது. கோயிலுக்குள்ள வர ஏலாது, பஸ்ஸிலயாவது உங்களோட வருவம் எண்டு வந்தனான்."

"சண்டை முடிஞ்சே அஞ்சு மாசம். முப்பத்தொரு நாள் துடக்கு எப்பவோ கழிஞ்சிருக்குமே!"

"எந்த நாளில இருந்து எண்ணுறது, அண்ணை?"

நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் அந்தியேட்டிச் சடங்கு செய்து துடக்கைக் கழிக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"கண்ணால கண்ட ஒருத்தரும் இல்லை. நான் அந்தியேட்டி செய்தா, நானே அவவைச் சாக்காட்டின மாதிரியெல்லோ?"

எங்கள் ஆட்கள் சிவந்த மரங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகு அவரை நான் எங்கும் காணவில்லை. இத்தனை வருஷம் உன்னைக் கும்பிடுகிறேன் முருகா, அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பதில்கூட நீ எனக்குத் தரவில்லையே.