கல்முனைக்குடியில் உங்கள் மாமியின் காணி

மருமக்களே, இன்று அக்கரைப்பற்று பஸ்ஸில் காணித் தரகர் ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"மாமா, உங்கட கல்முனைக்குடி வளவ வித்தா, வயல் பக்கம் ஒரு ஊரையே வாங்கலாம்" என்றார்.

எண்பதுகளில் இதையேதான் நான் உங்கள் மாமியிடம் சொன்னேன். எங்கள் தெருவில் ஒரு காணி வாங்க, அப்போதே கடலையும் சேர்த்து விற்க வேண்டும். வழக்கப்படி வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, இளையவளோடு நாங்கள் சமைக்கிற குசினிக்குக் குடிபோயிருந்தோம். நான் காலை நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் தடுக்கி விழுவார்.

"வயல் பக்கம் உள்ளுக்க போவம். சின்னவளுக்கு அரண்மனையே கட்டுவன்" என்றேன்.

"நம்மில மாப்பிள்ளைதானே பொண்ணுட வீட்ட வந்து இரிக்கிற. கடக்கரைய விட்டு அந்தக் காட்டுக்கு எவன் வருவான்? உங்கட அரண்மனையில வௌவால்தான் இரிக்கும்" என்றாள் மாமி.

போகவில்லை. குசினியை இடித்து இளையவளுக்கு வீடு கட்டினோம். நாங்கள் பின்பக்கம் தகரம் சாய்த்த பத்திக்குள் ஒதுங்கினோம்.

"எனக்கெண்டும் ஒரு துண்டுக் காணி வரும், பாருங்க" என்று மாமி சிரிப்பாள்.

வந்தது. போன நோன்புக்கு முன், பள்ளிவாசல் மையவாடியில், அடக்கம் செய்ய. ஆறடி. யாரும் விலை கேட்கவில்லை.

"நான் வரல்ல மகன். மனுசி இஞ்ச தனியக் கிடக்கா" என்றேன் தரகரிடம்.

அவர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிக்கொண்டார்.

மாமிக்குப் பக்கத்தில் இன்னும் ஓரிடம் இருக்கிறது. கல்முனைக்குடியில் காணி தேடும் பெருமக்களே, அதை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.