டி.எஸ்.எச். சரியாக இருந்த அக்கா

ரிப்போர்ட் நன்றாக வந்தால் டாக்டர் கைராசிக்காரர், மோசமாக வந்தால் மெஷின் கோளாறு என்பது நம்மைப் போன்ற லேப் ஆட்களுக்குப் பழகிப்போனதுதான். இந்தக் கதையில் முதல் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. எங்கள் தூத்துக்குடி லேப்பில் ரத்தம் எடுக்கும் ஜெனிபர் அக்கா சொன்னது.

சித்திரையில் ஸ்வெட்டர்

ஆத்தூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாராம். பெயர் வேண்டாமே. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்ப் பிழைத்தவர். பிள்ளைக்கு ஒரு வயது. தாய்ப்பால் ஒரு சொட்டும் வந்ததில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. எந்நேரமும் அசதி. கூட வந்த மாமியார்தான் பேசினார்: "ஊரே வேர்த்து ஊத்துது, இவ மட்டும் ஊட்டியில கெடக்கா. இந்த டெஸ்ட்லயும் ஒண்ணுமில்லன்னு வரட்டும், சோம்பேறிய அவ அம்மா வீட்டுலயே கொண்டு விட்டுருதேன்."

மூன்று தடவை

தைராய்டு ஹார்மோன் குறைந்தால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சும்மா இராது, டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை ஏற்றி, 'வேலையைப் பார்' என்று தைராய்டை விரட்டும். இந்த அக்காவுக்கு டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அடிமட்டத்தில் கிடந்தது, டி.எஸ்.எச். நார்மல்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். எது ஒத்துவராவிட்டாலும் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன். மெஷின் சரியா என்று பார்க்க, அளவு தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டினேன். அக்காவின் சாம்பிளை மூன்று தடவை ஓட்டினேன். அதே எண்கள். அப்படியென்றால் விரட்ட வேண்டிய சுரப்பியே படுத்துவிட்டதா? அவசரத்தில் சில டாக்டர்கள் டி.எஸ்.எச்.சை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். டெஸ்ட் எழுதிய டாக்டருக்கு ஃபோன் போடட்டுமா என்று ஓனர் அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஏளா, டி.எஸ்.எச். நார்மல்னா நார்மல்தான். நீ என்ன டாக்டரா?"

டாக்டருக்கு ஒரு ஃபோன்

நான் டாக்டர் இல்லைதான். அதனால்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். நோய்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு எண்கள், மூன்று தடவை ஓட்டியது, பிரசவ ரத்தப்போக்கு, வராத பால், அவ்வளவுதான். டாக்டர் இரண்டு எண்களையும் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "தைராய்டு மாத்திரை இப்ப வேண்டாம்னு அவங்ககிட்ட நானே சொல்லிடுறேன். நாளைக்குக் காலையில கார்டிசால் எடுத்துரும்மா. நல்லவேளை, கூப்பிட்ட."

சீல் வைத்த ரிப்போர்ட்

பிட்யூட்டரி விரட்டினால்தான் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலும் குறைவு. ஸ்கேனில் பிட்யூட்டரி சுருங்கியிருந்தது. கர்ப்பத்தில் பெருத்திருக்கும் அந்தச் சுரப்பி, பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனால் ரத்த ஓட்டமில்லாமல் பட்டுப்போகக்கூடும். பால் வராததும் மாதவிலக்கு திரும்பாததும் அதனால்தான்.

சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம் கழித்து, அடுத்த டெஸ்டுக்கு அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார், பின்னால் மாமியார். அண்ணாச்சி என்னைக் காட்டி, "முதல்ல சந்தேகப்பட்டது எங்க லேப் பிள்ளைதான்" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று எனக்கு அவ்வளவு பெருமை. அக்கா மாமியாருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "தங்கச்சி, நான் சோம்பேறி இல்லன்னு இந்த ரிப்போர்ட்லயே எழுதி, சீல் வச்சுக் குடு."

பிறகு என் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்தேன்: கார்டிசால் குறைந்தவருக்கு அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று போட்டிருந்தது, கல்லூரியில் நான் 'பரீட்சைக்கு வராது' என்று பென்சிலில் எழுதித் தாண்டிய பக்கத்தில்.